வெயிலுக்கு ஒதுங்கும் நாமும் வைட்டமின் டி புட்டியும்

சென்ற தீபாவளி விடுமுறைக்கு வீடு திரும்பியபோது குளிர்பதனப் பெட்டியின் மேல் புதிதாக ஒரு புட்டி இருந்தது. என்னவென்று அப்பாவிடம் கேட்டேன்.

"வைட்டமின் டி. எனக்கு அது குறைச்சலாம்பா. அதனாலதான் இனிப்பு நீரும் வருதாம், ரத்தக் கொதிப்பும் வருதாம், வயிறும் போடுதாம். இத தொடர்ந்து ஆறு மாசம் சாப்பிட்டா எல்லாம் இறங்கிடுமாம்."

யார் சொன்னது என்று விசாரித்தால், எங்கள் பகுதி மண்டபம் ஒன்றில் நடந்த இலவசச் சுகாதார விளக்கக் கூட்டத்தில் ஓர் அக்கா சொன்னாராம். இலவச இரத்தப் பரிசோதனையும் உண்டாம். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்திருக்கிறார்கள். வைட்டமின் டி அளவை அங்கே யாரும் பார்க்கவில்லை. அது விரலில் ஒரு சொட்டு எடுத்து அந்தச் சிறு கருவியில் தெரிந்துகொள்ளக் கூடியதும் அன்று. ஆனால் குறைச்சல் என்று முடிவு சொல்லி, 180 வெள்ளிக்குப் புட்டியை விற்றுவிட்டார்கள். இரவு ஏழு மணி முதல் காலை ஏழு மணி வரை ஜாகா வேலை பார்க்கும் ஒருவருக்கு 180 வெள்ளி என்பது எத்தனை இரவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோபம் வந்தது. அந்த அக்காவின் மேல் மட்டுமன்று. உயிர்வேதியியல் பாடத்தில் இதையெல்லாம் படித்துத் தேர்வெழுதிய நான், வீட்டில் ஒருநாளும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லையே என்று என் மேலும்தான்.

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது இதையே எழுதுவதென்று முடிவு செய்தேன். ஏனெனில் அந்த அக்கா சொன்னது முழுப்பொய் அன்று, பாதி உண்மை. முழுப்பொய்யை மறுப்பது எளிது. பாதி உண்மையை மறுக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதலில் அந்த உண்மையான பாதியைப் பார்ப்போம். 'மெட்டபோலிக் சின்ட்ரோம்' என்று மருத்துவ உலகம் அழைப்பதைத் தமிழில் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி எனலாம். இது தனியொரு நோய் அன்று. ஒன்றாகக் கூடி வரும் ஐந்து கோளாறுகளின் கூட்டணி. பருத்த இடுப்பு, உயர்ந்த இரத்த அழுத்தம், உயர்ந்த சர்க்கரை, மிகுந்த டிரைகிளிசரைடு கொழுப்பு, குறைந்த நல்ல கொலஸ்ட்ரால் ஆகியவையே அந்த ஐந்து. இவை தற்செயலாகக் கூடுவதில்லை, இன்சுலின் சரிவர வேலை செய்யாமையே இவற்றின் பொதுவான அடித்தளம் என்று 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் எடுத்துரைத்தார். 2009இல் பல அனைத்துலக அமைப்புகள் கூடி, ஐந்தில் மூன்று இருந்தால் போதும், ஒருவருக்கு இந்நோய்த்தொகுதி உண்டு என்று வரையறுத்தன. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 5.6 மில்லிமோல், இரத்த அழுத்தம் 130க்கு 85 என்பவை அதன் எல்லைக் கோடுகள். இடுப்பளவில் தெற்காசிய வம்சாவளியினருக்குத் தனிக் கோடு உண்டு: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். ஐரோப்பியர்களுக்கு அனுமதித்த அளவு நமக்கு இல்லை.

ஏன் இந்தப் பாரபட்சம்? 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளிவந்தது. இரண்டு மருத்துவ அறிஞர்கள் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாக்னிக்; மற்றவர் இலண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. தராசின் கணக்கில் இருவரும் ஒல்லி. ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு! நம்மில் பலர் அந்தப் புனே மருத்துவர் மாதிரிதான். கையும் காலும் குச்சி, வயிற்றில் மட்டும் பானை. "நான் ஒல்லிதானே" என்று விடுதியில் மைலோ ஐஸும் ரொட்டி சானாயுமாக நள்ளிரவு கடக்கும் நண்பர்கள் இந்தப் புகைப்படத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இந்நாட்டில் நம் நிலை என்ன என்பதற்கு எண்கள் உள்ளன. 2008இல் திரட்டப்பட்ட நாடு தழுவிய ஆய்வொன்றில், மலேசிய இந்தியப் பெரியவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இந்நோய்த்தொகுதி இருந்தது. மூவினங்களில் நாமே முதலிடம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நீரிழிவின் நாட்டு விகிதம் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. 2023இல் நாட்டு விகிதம் 15.6ஆக இறங்கியது ஆறுதல்தான். சிங்கப்பூரிலும் 2010ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியர்களே 17.2 விழுக்காட்டோடு முன்னணியில் இருந்தனர். படிப்பிலும் பொருளாதாரத்திலும் முன்னணிக்கு வரவேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். கேட்காமலே கிடைத்த முதலிடம் இதுதான்.

இனி வைட்டமின் டி. மற்ற வைட்டமின்கள் போல் இதை நாம் பெரும்பாலும் உண்டு பெறுவதில்லை. வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் படும்போது, தோலிலுள்ள ஒருவகைக் கொலஸ்ட்ரால் மூலப்பொருள் வைட்டமின் டியாக மாறுகிறது. பின்னர் கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றம். அதன் பின்னரே அது வேலைக்குத் தயாராகிறது. ஆகவே இதை வைட்டமின் என்பதைவிட ஹார்மோன் என்பதே பொருந்தும். மீன், முட்டை மஞ்சள் கரு, ஊட்டமேற்றிய பால் போன்றவற்றில் ஓரளவு உண்டு. நம் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும் கெம்போங் மீனும் டின் சாடினும் இதில் மோசமில்லை. சைவ உணவுக்காரர்களுக்குத்தான் உணவு வழி கொஞ்சம் குறுகலானது.

நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே, ஆண்டு முழுதும் வெயில் கொளுத்தும் கோலாலம்பூரில் இந்தச் சத்து எப்படிக் குறையும்? ஆனால் குறைகிறது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கோலாலம்பூரைச் சேர்ந்த 380 மலாய்க்காரப் பெரியவர்களைப் பரிசோதித்தபோது ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு அளவு லிட்டருக்கு 50 நானோமோலுக்கும் கீழே இருந்தது. பெண்களின் நிலை ஆண்களைவிட மோசம். அளவு குறைந்தவர்களிடையே பருமனும் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதியும் கூடுதலாகக் காணப்பட்டன என்பதும் அதே ஆய்வின் முடிவு. இந்நாட்டில் செய்த மற்றோர் ஆய்வில் நகரத்துப் பெண்களைவிடக் கிராமத்துப் பெண்களுக்கு இச்சத்து மிக அதிகமாக இருந்தது. இவை மலாய்ச் சமூகத்தாரிடம் செய்தவை. நமக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது: தோலின் கருமை. மெலனின் என்னும் நிறமி இயற்கை தந்த குடை. அது புற ஊதாக் கதிரைத் தடுப்பதால், வெளிர்நிறத்தார் சில நிமிடங்களில் பெறுவதைப் பெற நமக்குப் பல மடங்கு நேரம் ஆகும்.

போதாதென்று நாமும் குடை பிடிக்கிறோம். "வெயில்ல நிக்காதே, கறுத்துப் போயிடுவே" என்ற வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப்பிள்ளை உண்டா? பெண்பிள்ளைக்கு இது இரட்டிப்பு அழுத்தத்தோடு சொல்லப்படுகிறது. திடலில் ஓட விரும்பிய எத்தனை தங்கைகள் இந்த ஒரு வாக்கியத்தால் வீட்டுக்குள் முடங்கினார்கள்! வெள்ளையாக்கும் களிம்புக்கு ஒரு செலவு, வெயிலில் போகாததால் வரும் குறைக்கு மாத்திரையாக இன்னொரு செலவு. நிறத்தைப் பற்றிய நம் தாழ்வு மனப்பான்மைக்கு எலும்பும் விலை கொடுக்கிறது என்றால் மிகையாகாது.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டி காலத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் நின்று, பால்மரக் காட்டுக்குள் நடந்தவர்கள் அவர்கள். பால்வெட்டு நிழலில் நடந்த வேலைதான். ஆனால் வெளிக்காட்டு வேலை செய்தவர்கள் நாள் முழுதும் வெயிலைச் சுமந்தார்கள். அந்தக் காலத்தை நான் பொற்காலமாக்க விரும்பவில்லை. வறுமையும் கள்ளும் மலேரியாவும் அவர்களைத் தின்றன. ஆனாலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தபோது, உணவு அவர்களுடையதாகவே இருந்தது. நடை மட்டும் போய்விட்டது. வெட்டவெளியில் உழைத்த உடலுக்கான சோற்றுக் குவியலை நாற்காலியில் அமர்ந்த உடலுக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறோம். சூரியனுக்கு நன்றி சொல்லும் பொங்கல் விழாவைக்கூடக் குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் மின்னடுப்பு வைத்துக் கொண்டாடிய பெருமை நம் மாணவர் சமுதாயத்துக்கு உண்டு. நானும் அதில் ஒரு கை வைத்தவன்தான்.

ஆக, வெயில்படாத வாழ்க்கை, குறைந்த வைட்டமின் டி, பருத்த இடுப்பு, ஏறிய சர்க்கரை எல்லாம் ஒரே வீட்டில் குடியிருப்பது உண்மை. உலகின் பல நாடுகளில் செய்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. அறிவியல் விளக்கமும் இல்லாமலில்லை. வைட்டமின் டி இல்லாமல் வளர்த்த எலிகளின் கணையம் இன்சுலினைக் குறைவாகச் சுரக்கிறது என்று 1980இலேயே கண்டறிந்துவிட்டார்கள். இன்சுலினைச் சுரக்கும் செல்களில் வைட்டமின் டியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. இவ்வளவும் தெரிந்தபின், "அப்படியென்றால் மாத்திரை விழுங்கினால் சரியாகிவிடும்" என்ற முடிவுக்கு வருவது இயல்பே. அந்த அக்காவும் அங்கேதான் நின்றார்.

ஆனால் ஒரே வீட்டில் குடியிருப்பவர்களில் யார் யாருக்குத் தகப்பன் என்று கேட்க வேண்டாமா? குறைந்த வைட்டமின் டியால் உடல் பருக்கிறதா, உடல் பருப்பதால் வைட்டமின் டி குறைகிறதா? இந்தக் கேள்விக்கு மரபணுக்களைக் கொண்டு விடை தேடிய பெரிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதன் முதன்மை ஆய்வாளர் காரணி விமலேஸ்வரன் சென்னையில் நீரிழிவு மரபணு ஆராய்ச்சி செய்து, பின் இங்கிலாந்து சென்றவர். ஏறத்தாழ 42,000 பேரின் தரவுகளை ஆராய்ந்த அந்தக் குழு, பருமனை உண்டாக்கும் மரபணுக்களைப் பெற்றவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பதைக் கண்டது. எடைக் குறியீடு 10 விழுக்காடு கூடினால் வைட்டமின் டி ஏறத்தாழ 4 விழுக்காடு குறைகிறது. மறுபுறம், வைட்டமின் டியைக் குறைக்கும் மரபணுக்களைப் பெற்றவர்கள் அதனால் பருமனாகவில்லை. பிறப்பிலேயே கிடைக்கும் மரபணு பிற்கால வாழ்க்கை முறையால் மாறுவதில்லை என்பதால், எது முன் எது பின் என்று பிரித்தறிய இம்முறை உதவுகிறது. அம்பு பருமனிலிருந்து வைட்டமினை நோக்கித்தான் பாய்கிறது.

எப்படி என்பதற்கும் ஒரு விடை உண்டு. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பரிசோதனையில், பருமனானவர்களையும் பருமனில்லாதவர்களையும் ஒரே அளவு புற ஊதாக் கதிருக்கு உட்படுத்தினார்கள். பருமனானவர்களின் இரத்தத்தில் ஏறிய வைட்டமின் டி 57 விழுக்காடு குறைவு. தோல் அதைத் தயாரிக்கத் தவறவில்லை. உடற்கொழுப்பு அதை உள்ளிழுத்து வைத்துக்கொண்டது. ஆக, அப்பாவின் இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அது அவர் வயிற்றுக்குக் காரணம் என்பதைவிட அவர் வயிற்றின் விளைவு என்பதற்கே அதிகச் சான்று உள்ளது.

மாத்திரையை நேரடியாகவே சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2019இல் முடிவு வெளியான 'டி2டி' ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற 2,423 அமெரிக்கர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாள்தோறும் 4,000 அலகு வைட்டமின் டியும் மறுபிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தனர். இரண்டரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், வைட்டமின் எடுத்தவர்களில் 293 பேருக்கும் எடுக்காதவர்களில் 323 பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய வேறுபாடு அது. அதற்கு முன்பே, ஏறத்தாழ 26,000 பேரை ஐந்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த 'வைட்டல்' ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. 2023இல் இத்தகைய மூன்று நீரிழிவு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது சிறு பயன் தெரிந்தது: நீரிழிவின் வாசலில் நிற்கும் நூறு பேர் மூன்றாண்டுகள் விழுங்கினால், மூன்று பேர் தப்பிக்கலாம். இந்தச் சிறு பயனை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் புட்டி விற்றவர்கள் சொன்னது இதுவன்று.

வைட்டமின் டி எண்ணைப் பற்றி மருத்துவ உலகமே தன் கருத்தை மாற்றிக்கொண்டது கவனிக்கத்தக்கது. 2011இல் அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம், 75 நானோமோலுக்குக் கீழே எல்லாம் போதாது என்று கோட்டை உயர்த்திப் பிடித்தது. உலகில் பாதிப்பேர் ஒரே இரவில் குறைபாடுடையோர் ஆனார்கள். பரிசோதனைக் கூடங்களுக்கும் மாத்திரைக் கம்பெனிகளுக்கும் நல்ல அறுவடை. அதே சங்கம் 2024இல் அந்தக் கோட்டைக் கைவிட்டது. நலமாக உள்ள பெரியவர்களுக்கு வழக்கமான இரத்தப் பரிசோதனை வேண்டாம். தோல் கருமை, பருமன் என்ற காரணத்துக்காக மட்டும் பரிசோதிக்க வேண்டியதில்லை என்றும் பரிந்துரைத்தது. பதின்ம வயது வரையிலான பிள்ளைகள், கர்ப்பிணிகள், 75 வயதைக் கடந்தவர்கள், நீரிழிவுக்கு மிக அருகில் நிற்பவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் வைட்டமின் டி பயன்படலாம் என்றது. 2011ஆம் ஆண்டுக் கோடு நம்மூர் விற்பனைத் தாள்களில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மாத்திரையை விட்டால் வேறு என்ன? இதற்கு விடை சென்னையிலிருந்தே உண்டு. மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் பங்கேற்றனர். தினமும் அரைமணி நேர நடை, சர்க்கரையும் மாவுச்சத்தும் குறைந்த உணவு என்பதே ஒரு பிரிவினருக்குக் கொடுத்த மருந்து. மூன்றாண்டுகளில் எந்த ஆலோசனையும் பெறாதவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்காரர்கள் ஆனார்கள்; நடந்தவர்களில் 39 பேர். நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பினர். வேறு வேறு மக்களிடம் செய்த ஆய்வுகளை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்று எங்கே, பதினாறு எங்கே! அதுவும் நம்மைப் போன்ற உடல்வாகு, நம்மைப் போன்ற சோறு. இந்த ஆய்வைப் பற்றி எந்த மண்டபத்திலும் யாரும் விளக்கக் கூட்டம் நடத்துவதில்லை. நடையைப் புட்டியில் அடைத்து விற்க முடியாதல்லவா?

வைட்டமின் டி தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எலும்புக்கு அது இன்றியமையாதது. குறைபாடு கடுமையானால் குழந்தைக்குக் கால் வளையும், பெரியவர்க்கு எலும்பு நோகும், தசை தளரும். மருத்துவர் பரிசோதித்துக் குறைவு என்று சொன்னால் தயங்காமல் உட்கொள்ள வேண்டும். மலேசியச் சுகாதார அமைச்சின் 2017ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது 600 அலகு தேவை. மருந்தகத்தில் அந்த அளவிலான சாதாரண மாத்திரை மிக மலிவு. அளவு மீறினாலோ இது கொழுப்பில் தங்கி, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை ஏற்றி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். 'நிறைய சாப்பிட்டால் நிறைய நன்மை' என்பது இங்கே செல்லாது. 2010இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், மூத்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து இலட்சம் அலகு கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்தது, கூடிவிட்டது.

வெயிலைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. காலை இளவெயிலில் நடந்தால் வைட்டமின் டி கிடைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். இளவெயிலில் நடப்பது நல்லதே. ஆனால் அதில் புற ஊதா பி கதிர் மிகக் குறைவு. இங்கே ஒரு மலேசியச் சிக்கலும் உண்டு. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றுபட வேண்டித் தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளியது, சிங்கப்பூரும் தொடர்ந்தது. அதனால் நம் கடிகாரத்தில் பகல் 1.15 அளவில்தான் சூரியன் உச்சிக்கு வருகிறது. நாம் எட்டு மணி என்பது சூரியனுக்கு ஏழுகூட ஆகாத நேரம். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்போதுதான் தோலில் வைட்டமின் நன்றாக உருவாகும். இங்கே அது ஏறத்தாழ காலை பத்தேகால் முதல் மாலை நாலேகால் வரை. அந்நேரத்தில் கைகால் படும்படி சிறிது நேரம், வாரத்தில் சில நாள் போதும். தோல் கன்றும்வரை நிற்கத் தேவையில்லை. கண்ணாடிச் சன்னலோரம் உட்கார்ந்தால் பயனில்லை. கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. விரிவுரை மண்டபத்திலிருந்து உணவகத்துக்குக் கூரை நடைபாதையைத் தவிர்த்து வெட்டவெளி வழியாக நடந்தாலே பாதி வேலை முடிந்தது. கறுத்தால் கறுக்கட்டும் நண்பர்களே, அது நம் நிறம்தானே.

நம் பேரவைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. விழாக்களுக்கு ஆதரவு தருகிறார்கள் என்பதற்காகச் சத்துமாத்திரை விற்பவர்களுக்கு மேடையும் மேசையும் கொடுப்பதை நிறுத்துவோம். நம்மில் சிலரே பகுதி நேர வருமானத்துக்காக நேரடி விற்பனையில் இறங்கி, அத்தை மாமாவிடமிருந்து தொடங்குகிறோம் என்பதும் எனக்குத் தெரியும். பட்டதாரிப் பிள்ளை சொன்னால் உண்மையாக இருக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையை விற்று வரும் கழிவுத் தொகை எவ்வளவாக இருந்தாலும் கசப்பானது. அதற்குப் பதில் அடுத்த தமிழ் விழாவின் பதிவு மேசையில் ஓர் அளவு நாடாவை வைப்போம். தையல் கடையில் இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும். வருகிற பெற்றோரின் இடுப்பை அளந்து, 90, 80 என்ற கோட்டைத் தாண்டியவர்களை அரசாங்க கிளினிக்குக்கு அனுப்பி வைப்போம். மருத்துவம், தாதிமை, உணவியல் படிக்கும் நம் தோழர்கள் அங்கே இரண்டு மணி நேரம் தமிழில் பேசினால் போதும்.

இவ்வளவும் எழுதியபின் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரிப்பா, நீ சொல்ற வெயில் அடிக்கிற நேரத்துல நான் தூங்கிக்கிட்டு இருப்பேனே?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரவு வேலை செய்வோருக்கே இந்த நோய்த்தொகுதி கூடுதலாக வருகிறது என்று ஆய்வுகள் உள்ளன. நம் பெற்றோரில் எத்தனை பேர் தொழிற்சாலையிலும் பாதுகாவலர் கூண்டிலும் லோரியிலும் இரவைக் கழிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், 'நடங்கள், வெயிலில் நில்லுங்கள்' என்ற அறிவுரை எவ்வளவு சொகுசானது என்பது புரிகிறது. அவர்களைப் பொறுத்தவரை அந்த மலிவான 600 அலகு மாத்திரை ஏற்கத்தக்கதே. ஆனால் அது எலும்பைக் காக்கும், வயிற்றைக் குறைக்காது.

அப்பாவின் இடுப்பு 103 சென்டிமீட்டர். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இன்னும் நீரிழிவு அளவை எட்டவில்லை, வாசலில் நிற்கிறது. இரவில் கூண்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை குடியிருப்பைச் சுற்றி வரச் சொன்னார் மருத்துவர். சுற்றி வருகிறார். ஒரு சுற்று எழுநூறு காலடி என்று எண்ணியும் வைத்திருக்கிறார். மே மாதத்திலிருந்து பகல் ஷிப்டுக்கு மாற்றித் தரும்படி மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. 180 வெள்ளிப் புட்டியில் பாதி மிச்சம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதை எறிய மனமில்லை என்கிறார்.